முதல் காரே ஸ்போர்ட்ஸ் காரா? சரி, இப்படித் தேர்ந்தெடுங்கள்

இருபத்துமூன்று வயதில் முதல் கார் வாங்கக் கிளம்பியவரிடம் "மைலேஜ் தரும் வண்டியாகப் பார்" என்று புத்தி சொல்வதால் ஒன்றும் நடக்காது. தலையாட்டிவிட்டுப் போவார். கடைசியில், புது ஹேட்ச்பேக் விலைக்குக் கிடைத்தது என்று பன்னிரண்டு வருடப் பழைய ஜெர்மன் சொகுசு கார் ஒன்றை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். அந்தக் கார் புதிதாக இருந்தபோது நாற்பது லட்சம் விலை. வாங்கும் விலைதான் இறங்கியிருக்கிறதே தவிர, உதிரிப் பாகங்களின் விலை அந்த நாற்பது லட்சக் காருக்குரியதாகவே இருக்கிறது என்பது முதல் பில் வரும்போதுதான் தெரியும். ஆகவே ஆசையைத் தடுப்பதை விட, தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதே மேல். முதல் ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஓட்டுபவர் தன் திறமையைக் கொண்டு முழுதாகப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். எடை குறைவாக, சக்தி அளவாக, பாதுகாப்பு எலக்ட்ரானிக்ஸ் முழுமையாக, முந்தைய ஓனர் கை வைக்காததாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை வீட்டுக் காரை ஓரிரு வருடம் ஓட்டிப் பழகியவருக்கானது. லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர் இதைப் படித்து வைத்துக்கொண்டு, வீட்டு வண்டியை இன்னும் ஒரு வருடம் ஓட்டட்டும்.

இதை வாங்குபவரே யோசிக்க வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டனில் கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் பிரிவுகளாக வகுத்து வந்திருக்கிறார்கள். இளைஞர் ஒருவர் வேகமான காரைக் கேட்டால் பிரீமியமே அவரைத் திருப்பி அனுப்பிவிடும். இங்கே கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு எஞ்சின் சிசி மட்டும்தான் கணக்கு. 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. 120 குதிரைத்திறன் கொண்ட ஹூண்டாய் ஐ20 என் லைனின் டர்போ எஞ்சின் 998 சிசி; ஆல்டோ கே10-இன் எஞ்சினும் 998 சிசி. இரண்டுக்கும் ஒரே கட்டணம். ஓட்டுபவரின் வயதையோ வண்டியின் வேகத்தையோ அந்தக் கட்டணம் கேட்பதில்லை. விலை எச்சரிக்காத இடத்தில் வாங்குபவர்தான் தன்னை எச்சரித்துக்கொள்ள வேண்டும்.

1. பணத்தைப் பிரியுங்கள்

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் காருக்குக் கொடுக்கக் கூடாது. பத்து லட்சம் வைத்திருப்பவர் ஏழு லட்சத்துக் காரைத்தான் பார்க்க வேண்டும். மீதி முதல் ஆண்டின் டயர், பிரேக், இன்சூரன்ஸ், எதிர்பாராத ஒரு பெரிய ரிப்பேர் ஆகியவற்றுக்கு. பேங்க் லோன் கிடைக்கிறதே என்று இந்தக் கணக்கை மாற்றாதீர்கள். பழைய காருக்கான வட்டி புதுக் காருக்கானதை விட அதிகம். அதோடு மாதத் தவணையில் எல்லாவற்றையும் கொட்டியவர்தான் தேய்ந்த டயரில் இன்னும் ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறார். வேகமான காரில் அந்த நினைப்பு ஆபத்து. "புதிதாகவே வாங்கிவிடுகிறேனே" என்பவர் தமிழ்நாட்டு வாழ்நாள் வரியையும் கணக்கில் சேர்க்கட்டும். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 விழுக்காடு, அதற்கு மேல் 20. பதினாறு லட்ச ரூபாய்க் காருக்கு வரியாகவே மூன்று லட்சத்தை நெருங்கும். முதல் காரின் மேல் நிச்சயம் இரண்டு கீறலாவது விழும். அதை இன்னொருவர் வரி கட்டிய காரின் மேல் வாங்கிக்கொள்வதே லாபம்.

2. சக்தியை எடையால் வகுங்கள்

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் குதிரைத்திறன் தனியாக எதையும் சொல்லாது. அதை வண்டியின் எடையால் வகுத்து, ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 2020-க்குப் பிறகு வந்த ஃபோக்ஸ்வாகன் போலோவின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சின் 110 குதிரைத்திறன், வண்டி ஏறத்தாழ 1,100 கிலோ. ஆக டன்னுக்கு 100. 150 குதிரைத்திறன் கொண்ட விர்டஸ் ஜிடி டன்னுக்கு ஏறத்தாழ 120. 2016-இல் இங்கே விற்பனைக்கு வந்த 5 லிட்டர் வி8 மஸ்டாங் டன்னுக்கு 220-ஐத் தொடும். முதல் காருக்கு 120 என்பதே எல்லை. அதற்கு மேல் வேண்டாம். இது குறைவு என்று தோன்றினால் மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ நினைத்துப் பாருங்கள். 1989-இல் வெளிவந்தபோது அதன் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, சக்தி 115 குதிரைத்திறனைச் சுற்றித்தான். உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். 2016-இல் பத்து லட்சமாவது கார் உற்பத்தியானது. ஓட்டுவதில் உள்ள இன்பம் சக்தியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு: "சக்தி இருந்தால் என்ன, நான் மெதுவாக ஓட்டுவேன்." மெதுவாக ஓட்டலாம்தான். ஆனால் அப்போது அந்தக் காரின் டயரும் பிரேக்கும் இன்சூரன்ஸும் மெதுவாகச் செலவு வைக்காது. இதைவிட முக்கியம், 400 குதிரைத்திறன் காரில் கற்றுக்கொள்ளக் கிடைப்பது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் பழக்கம் ஒன்றுதான். 110 குதிரைத்திறன் காரில் சரியான கியரில் வளைவுக்குள் நுழைவது, எடை முன்னும் பின்னும் மாறுவதை இருக்கையில் உணர்வது, பிரேக்கை எங்கே விடுவது எல்லாம் கற்கலாம். வேகம் மன்னிக்காது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்த பின் நிற்க எடுக்கும் தூரம் நான்கு மடங்காகும். காய்ந்த சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடித்து 18 மீட்டரில் நிற்கும் கார், 120-இலிருந்து நிற்க 70 மீட்டருக்கு மேல் எடுக்கும். பிரேக்கில் கால் போவதற்கு முன் கடந்துவிடும் தூரம் தனி: 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாடு குறுக்கே வர அந்த ஒரு நொடி போதும்.

3. பட்டியலைச் சுருக்குங்கள்

இரண்டு கதவுக் காரை முதலிலேயே அடித்துவிடுங்கள். வீட்டில் ஒரே கார் அதுவாக இருந்தால், பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற முதல் நாளிலேயே சண்டை வரும். நான்கு கதவு, பின்னால் திறக்கும் டிக்கி, டர்போ பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர்: இந்த நான்கும் சேர்ந்த ஹாட் ஹேட்ச் வகைதான் நம் ஊருக்கான ஸ்போர்ட்ஸ் கார். மேனுவல் கியர் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கற்றுக்கொள்வதற்காக மட்டும் சொல்லவில்லை. 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருந்த 7 வேக டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி உலர் கிளட்ச் வகை. நம் வெயிலிலும், நின்று நின்று நகரும் நெரிசலிலும் அது சூடேறும். அதன் மெக்கட்ரானிக் யூனிட் கெட்டால் வரும் பில் பழைய காரின் விலையில் கணிசமான பங்கு. சென்னை ஓஎம்ஆரில் தினமும் இரண்டு மணி நேரம் கிளட்ச் மிதிக்க முடியாது என்பவருக்கு ஒரு சலுகை: 2020-க்குப் பிறகான 1.0 டிஎஸ்ஐ ஜிடியில் உள்ள டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். அதோடு சரி.

அடுத்து, ஈஎஸ்சி என்னும் ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாடு இல்லாத வண்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஈர வளைவில் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து வண்டியை நேராக்குவது அதுதான். என் எடைக் கணக்கின்படி முதலிடம் பிடிக்க வேண்டியது 2017-இல் வந்த மாருதி பலேனோ ஆர்எஸ்: 950 கிலோ, 102 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஆனால் ஈஎஸ்சி கிடையாது. எடையும் பாதுகாப்பும் மோதினால், முதல் காரில் பாதுகாப்புதான் ஜெயிக்க வேண்டும். ஃபியட்டின் 145 குதிரைத்திறன் அபார்த் புன்டோவை விரும்பாத கார்ப் பைத்தியம் கிடையாது; ஆனால் ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன, டன்னுக்கு 120 என்ற எல்லையிலும் அது விளிம்பில் நிற்கிறது. இரண்டாவது காராக வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது மூன்று: ஈஎஸ்சி உள்ள போலோ டிஎஸ்ஐ, 2023-க்குப் பிறகான 6 கியர் மேனுவல் ஐ20 என் லைன், 2024-இல் வந்த டாடா ஆல்ட்ராஸ் ரேசர். ஈஎஸ்சி வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். விற்பவரிடம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். பின்னால் வளைந்த கோடுகளோடு ஒரு குட்டிக் கார் படம் சில நொடி எரிந்து அணைந்தால் ஈஎஸ்சி இருக்கிறது.

4. வண்டியைப் பார்ப்பது

பெரும்பாலானவர்கள் இடறி விழுவது இங்கேதான். சாதாரணக் காரை விபத்துக்கும் வெள்ளத்துக்கும் மட்டும் சோதித்தால் போதும். ஸ்போர்ட்ஸ் காருக்கு மூன்றாவதாக ஒரு வியாதி உண்டு: ரீமேப். எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவது. "ஸ்டேஜ் ஒன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். விற்கும்போது பழைய மென்பொருளை மறுபடி ஏற்றிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கூடுதல் டார்க்கைத் தாங்கித் தேய்ந்த கிளட்சும், கூடுதல் சூட்டில் வெந்த டர்போவும் அப்படியே இருக்கும். ஆகவே மென்பொருளைத் தேடாதீர்கள், அது விட்டுப்போன காயத்தைத் தேடுங்கள். நேரான, காலியான சாலையில் 4-ஆம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கி வந்தால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போவைச் சுற்றியுள்ள வெப்பத் தகட்டின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல் இருந்தால் யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகள் உடைந்திருந்தால் திறந்த வகை ஃபில்டர் ஒன்று அங்கே குடியிருந்திருக்கலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டியென்றால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். மென்பொருளில் கை வைத்ததைக் கம்பெனி கண்டுபிடித்திருந்தால் டிடி1 என்ற குறி விழுந்திருக்கும். குறி இல்லாததால் வண்டி சுத்தம் என்று ஆகிவிடாது. குறி இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறுக்கு வழி இருக்கிறது. இதைச் செய்யாமல் டர்போ கார் வாங்குகிறவர்களைப் பார்த்தால் பொறுமை போகிறது. ஸ்டீயரிங்கின் கீழே செருகும் மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்றும் மொபைலும் போதும். பலர் "ஃபால்ட் கோடு ஏதும் இல்லை" என்பதைப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். கோடுகளை அழிக்க இரண்டு நொடி போதும். பார்க்க வேண்டியது ரெடினெஸ் மானிட்டர்கள் என்ற பகுதி. கோடுகளை அழித்தாலும் பேட்டரியைக் கழற்றினாலும் வண்டியின் சுய சோதனைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவை முடிய சில நாள் ஓட்டம் வேண்டும். தினமும் ஓடுகிற வண்டி என்று சொல்லிவிட்டு, மானிட்டர்கள் பாதி "முடியவில்லை" என்று காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் எதையோ மறைத்திருக்கிறார்கள்.

எஞ்சினைப் பார்க்கக் காலையில் போங்கள். "கிளப்பி வைக்காதீர்கள்" என்று முன்பே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ சீலையோ வால்வு சீலையோ சந்தேகப்படுங்கள். சர்வீஸ் பில்களில் டர்போவுக்கு உயிரானது ஆயில் மாற்றிய தேதிகள். ஒரு வருடத்து ஆயில் பில் இல்லையென்றால் எவ்வளவு மெருகாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். ஓடோமீட்டரை நம்பாதீர்கள், அதை எல்லாவற்றோடும் ஒப்பிடுங்கள்: பில்லில் உள்ள கிலோமீட்டர், பெடல் ரப்பரின் தேய்மானம், டயர் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 2021 மாடல் வண்டி 18,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள், டயரோ 2024-இல் செய்தது என்றால், முதல் டயர்கள் எங்கே தேய்ந்தன? நான்கு சக்கரத்தில் மூன்று கம்பெனி டயர் போட்டிருப்பவர் காசை எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார் என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

விபத்தும் வெள்ளமும் எல்லா மெக்கானிக்கும் பார்க்கத் தெரிந்தவை, ஆகவே சுருக்கமாக: கதவு ரப்பரை இழுத்துப் பார்த்து கம்பெனி வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்து அடியில் பாருங்கள், ஏர்பேக் விளக்கு சாவி திருப்பியதும் எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லையென்றால் அது நல்ல செய்தி இல்லை. சென்னை வண்டியாக இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் ஏராளமான கார்களை மூழ்கடித்தன. சுத்தம் செய்தவர் பெல்ட்டின் கடைசி அடியைக் கழுவ மறந்திருப்பார். டெஸ்ட் டிரைவில் வேகம் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடித்து "டக் டக்" கேட்கிறதா, வேகத்தடையில் அடியில் சத்தம் வருகிறதா, 60-இலிருந்து அழுத்தி நிறுத்தும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கேளுங்கள்.

5. காகிதம்

ஃபார்ம் 29, 30. லோன் இருந்தால் ஃபார்ம் 35. வேறு ஆர்டிஓ எல்லையென்றால் என்ஓசி. இவை ஏஜென்டுக்கே தெரியும். அவர் சொல்லாமல் விடுவது இரண்டு. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது. டெல்லி வண்டி மலிவு என்று பாய்பவர், இங்கே மறுபதிவுக்குக் கட்டும் வரியைச் சேர்த்த பிறகும் மலிவா என்று பார்க்கட்டும்.

6. வாங்கிய பின் முதல் வருடம்

எதையும் மாற்றாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மறுக்க ஒரு காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகும். கை அரித்தால் நல்ல டயர் போடுங்கள், பிரேக் ஆயிலை மாற்றுங்கள். இரண்டும் சட்டப்படியானவை, இரண்டும் வண்டியை உண்மையிலேயே மேம்படுத்துபவை. வேகத்தைப் பார்க்க ஆசையா? இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. தனியார் கார்களை அனுமதிக்கும் டிராக் நாட்களையும் பயிற்சி வகுப்புகளையும் விசாரித்துப் போங்கள். வழக்கமான பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு தராது என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். பொதுச் சாலையில் பந்தயம் 189-ஆவது பிரிவின்படி குற்றம்.

"இரண்டு வருடத்தில் இந்தச் சக்தி சலித்துவிடுமே" என்பது கடைசி மறுப்பு. சலிக்கட்டும். அதன் பொருள் வண்டியின் எல்லையை நீங்கள் தொட்டுவிட்டீர்கள் என்பதுதான், அதற்காகத்தானே வாங்கினீர்கள். கை வைக்காத, பில் சரியாக உள்ள ஹாட் ஹேட்ச் வாங்க அடுத்த இளைஞர் ஒருவர் காத்திருப்பார், விலையும் பெரிதாக விழாது. ரீமேப் செய்து, சைலன்சர் மாற்றி, ஒலி எழுப்பிய வண்டிக்கு அந்த வாங்குபவர் வர மாட்டார். இந்தக் கட்டுரையை அவரும் படித்திருப்பார். ஆகவே போலோவோ என் லைனோ ஆல்ட்ராஸ் ரேசரோ, ஈஎஸ்சி இருக்கிறதா என்று பார்த்து, ஒரே ஓனர், எல்லா ஆயில் பில்லும் உள்ளதை வாங்குங்கள். பணம் மிச்சமிருந்தால் முதல் மாதமே நான்கு டயரையும் மாற்றுங்கள்.